துரைக்கு பார், தொழிலாளிக்குக் கள்ளுக்கடை

வார இறுதியில் ஈப்போவுக்கு வரும் கோலாலம்பூர் நண்பர்கள் கையோடு ஒரு பட்டியல் கொண்டு வருவார்கள். வெள்ளைக் காப்பி, தவுகே கோழி, பழைய நகரத்துச் சந்து, சுவர் ஓவியங்கள். அண்மைக் காலமாக அந்தப் பட்டியலில் ஒரு மூலைக் கட்டடமும் சேர்ந்திருக்கிறது. பாடாங் திடலுக்கு எதிரே, ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில் நிற்கும் எஃப்எம்எஸ் பார்.

எஃப்எம்எஸ் என்றால் ஐக்கிய மலாய் மாநிலங்கள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கையும் சேர்த்து வெள்ளைக்காரன் வைத்த பெயர். அந்த அரசு போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஒரு மதுக்கடையின் நெற்றியில் மிச்சம் இருக்கிறது. ஹைனானியர் ஒருவர் 1906இல் தொடங்கிய கடை. 1923இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அப்போது அந்தச் சாலைக்குப் புரூஸ்டர் ரோடு என்று பெயர். ஈய லம்பத்து முதலாளிகளும் ரப்பர் தோட்டத்துத் துரைமார்களும் வந்து உட்கார்ந்த இடம். நாட்டிலேயே மிகப் பழைய பார்களில் ஒன்று என்பார்கள். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பிறகு, புதுப்பித்துத் திறந்தார்கள். இன்று அங்கே சிக்கன் சாப் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்களில் நம் பிள்ளைகளும் நிறைய பேர்.

பழைய நகரில் இன்னொரு கடையும் உண்டு. ஜாலான் பீஜே தீமாவில், 1931 முதல் இருக்கும் சிங்களீஸ் பார். அந்தக் காலத்தில் அது டிரீச்சர் ஸ்திரீட். இலங்கையிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் தலைமுறை தாண்டி நடத்திய கடை. எஃப்எம்எஸ் போலப் பகட்டு கிடையாது. சின்ன இடம், சின்னக் கதவு, ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் வாடிக்கையாளர்கள். ஈப்போவில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்கு, அப்பாவோ பெரியப்பாவோ வேலை முடிந்து ‘கொஞ்சம் நேரம்’ போய் வந்த இடம் அது. அந்தக் கொஞ்சம் நேரம் எவ்வளவு நேரம் என்பது அம்மாக்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு கடைகளைப் பற்றியும் ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். சுற்றுலாக் கையேடுகளில் இருக்கின்றன. பாரம்பரியம் என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்லதுதான். பழைய கட்டடம் இடிபடாமல் நிற்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. பேராக்கில் குடித்தவர்கள் எல்லாரும் இந்த இரண்டு கடைகளிலா குடித்தார்கள்?

என் தாத்தா குடித்தவர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எஃப்எம்எஸ் பாரின் வாசற்படியை அவர் மிதித்திருக்க வழியே இல்லை. அவர் போனது தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு. அந்தக் கடையைப் பற்றி எந்தக் கையேட்டிலும் ஒரு வரி கிடையாது.

சில மாதங்களுக்கு முன் வானொலியில் நேயர்களிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். ‘உங்கள் ஊரில் இப்போது இல்லாமல் போன ஒரு கடையைப் பற்றிச் சொல்லுங்கள்.’ மளிகைக்கடை, தையற்கடை, சினிமாக் கொட்டகை என்று வரும் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது அழைப்பிலேயே ஓர் அம்மா கள்ளுக்கடையைச் சொன்னார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் வேறு கடையே வரவில்லை. ஆண்கள் சிரித்துக்கொண்டே பேசினார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரே கடையைப் பற்றித்தான் இரண்டு பேரும் பேசினார்கள்.

ஆண்கள் சொன்னதை முதலில் சொல்கிறேன். விடியும் முன்பே பெரட்டு. இருட்டில் காண்டா விளக்கோடு மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்து, வீடு திரும்பிக் குளித்தால் பிற்பகல். லயத்து வீட்டில் ஓர் அறை, ஒரு குசினி. உட்கார இடமில்லை. கள்ளுக்கடையில் பலகை இருந்தது. பேச ஆள் இருந்தார்கள். தண்டலையும் கிராணியையும் வாய் நிறையத் திட்ட முடிந்தது. வாசலில் சுண்டலும் வறுத்த கருவாடும் விற்கும். யாராவது ஒருவர் பாட ஆரம்பிப்பார். ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தால், படிக்கத் தெரிந்தவர் அங்கேதான் படித்துக் காட்டுவார். ‘அது எங்களுக்குக் கிளப் மாதிரி தங்கச்சி’ என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதில் பொய்யில்லை.

பெண்கள் சொன்னது வேறு. சம்பள நாளன்று பிள்ளையை அனுப்பிக் கடை வாசலில் நிறுத்தி வைப்பது. ‘அப்பா, அம்மா கூப்பிடுறாங்க’ என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது எல்லாரும் சிரிப்பது. மிச்சக் காசை வாங்கிக்கொண்டு ஓடிவருவது. காசு இல்லாமல் பிள்ளை திரும்பினால், அந்த மாதம் பாதிக் கடனில் ஓடும். இரவு எந்த வீட்டில் பாத்திரம் விழும் சத்தம் கேட்கிறது என்று லயம் முழுக்கத் தெரியும். என் பாட்டி அந்தக் கடையின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். ‘அந்த எடம்’ என்பார். அவ்வளவுதான்.

இதில் நான் வளர்ந்த பிறகுதான் புரிந்துகொண்ட ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கடை யாருடையது?

தோட்டத்துக் கள்ளுக்கடை யாரோ ஒரு வியாபாரி வந்து போட்ட கடை அல்ல. உரிமம் கொடுத்தது காலனி அரசு. நடத்தியது பெரும்பாலும் தோட்ட நிர்வாகம். 1920களின் இறுதியில் பல வட்டாரங்களில் ஆணின் நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதிலும் வெட்டு விழுந்தது. அந்தக் கூலியைக் காலையில் கொடுத்த கையே மாலையில் திரும்ப வாங்கிக்கொண்டது. அரசுக்கு வரி. நிர்வாகத்துக்கு, ஊரைவிட்டு ஓடாத, மறுநாள் பெரட்டுக்கு வந்துவிடுகிற ஆள். கள்ளுக்கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று ஒதுக்கும் முறையும் இருந்தது. குடித்தவனின் காசிலேயே அவன் பிள்ளைக்குப் பந்து வாங்கிக் கொடுத்து, அதற்கு நலநிதி என்று பெயர் வைக்கலாம். யாரும் கேள்வி கேட்காதவரை அது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் கேள்வி கேட்டார்கள். இந்தப் பகுதிதான் நம் வீடுகளில் பேசப்படாமலே போனது. கள்ளுக்கடை என்றதும் ‘தோட்டத்து ஆளுங்க குடிச்சே கெட்டாங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அதே தோட்டத்து ஆள்கள் அந்தக் கடையை மூடச் சொல்லி உயிரைக் கொடுத்ததை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். நம் ஈப்போவுக்கும் வந்தார். அந்த வருகைக்குப் பிறகு தோட்டங்களில் சீர்திருத்தப் பேச்சு வேகம் பிடித்தது. படிப்பகம், பொதுக்கூட்டம், குடிக்கு எதிரான பிரசாரம் எல்லாம் பரவின.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனையும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தையும் வரலாற்றுப் புத்தகங்களில் பார்க்கலாம். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும். துரையின் எதிரில் சைக்கிளில் இருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும். அந்த வரிசையிலேயே, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. கூலியையும் மரியாதையையும் கேட்ட அதே மூச்சில் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். மூன்றும் ஒரே விஷயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

போர் முடிந்ததும் மறுபடி எழுந்தது. கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை. தோட்டம் தோட்டமாகக் கள்ளுக்கடை முன் மறியல். 1947இல் பீடோங்கில் நடந்த கள்ளுக்கடை எதிர்ப்பில் காவல்துறை தாக்கியதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இன்று பீடோங் வழியாக வடக்கே கார் ஓட்டிப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூடச் சொல்லிப் போராடியவர்கள் நினைத்தது போலவே பிற்காலத்தில் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கள் மரத்திலிருந்து இறக்கிய அன்றைக்கே குடிக்க வேண்டிய சரக்கு. மறுநாள் புளித்துவிடும். அதில் சாராயத்தின் அளவு சுமார் 5 விழுக்காடு. பாட்டிமார் ஆப்ப மாவு பொங்குவதற்கு ஒரு கரண்டி ஊற்றியதும் இதைத்தான். கடைக்கு நேரம் இருந்தது. மூடும் நேரம் வந்தால் எழுந்து போக வேண்டும். அளவுக்கு மீறினால் பார்க்க நாலு பேர் இருந்தார்கள். கள்ளின் இடத்துக்கு வந்த சம்சுவுக்கு இது எதுவும் கிடையாது. 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறும் மலிவுச் சாராயம். சின்னப் போத்தலில், மளிகைக்கடையிலேயே, கடனுக்கே கிடைத்தது. ஆண்கள் கூட்டமாகக் கடையில் குடித்ததுபோய், தனியாக வீட்டுக்குள்ளும் செம்பனை மரத்தடியிலும் குடிக்கத் தொடங்கினார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் தொண்டை வறளக் கத்தியது இந்தச் சம்சுவுக்கு எதிராகத்தான். 2017 டிசம்பர் 1 முதல்தான் மது வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆனது. மலிவுச் சாராயத்தைச் சின்னப் போத்தலில் விற்பதற்கும் அப்போது கட்டுப்பாடு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 2018 செப்டம்பரில், மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள். நிறைய பேர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நூறாண்டுக்கு முன் நம் கொள்ளுத் தாத்தா இருந்த இடத்தில் இன்று இருப்பவர்கள்.

அதற்காகக் கள்ளுக்கடையே பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. என் பாட்டி கேட்டால் செருப்பால் அடிப்பார். நான் சொல்ல வருவது, கடையை மூடியபோது அந்தப் பலகைக்குப் பதிலாக யாரும் ஒரு பலகை போடவில்லை என்பது. வேலை முடிந்த மனிதன் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்ற தேவை கடையோடு சேர்ந்து மூடிக்கொள்ளவில்லை.

மாற்று இடம் போட முயன்றவர்களும் இல்லாமல் இல்லை. நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வி. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்களுடையதாயிற்று. கள்ளுக்கடைக்குப் போன அதே கூலியிலிருந்து எடுத்த பத்து வெள்ளிதான். கை வேறு இடத்துக்கு நீண்டது, அவ்வளவே. அந்தப் பத்து வெள்ளியைப் பல வீடுகளில் அரிசிப் பானைக்குள் ஒளித்துக் காப்பாற்றியது பெண்கள் என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிறகு தோட்டங்களே போயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் தரைமட்டமாயின. பேராக்கில் பல இடங்களில் கோயில் மட்டும் நிற்கிறது. சில இடங்களில் தமிழ்ப்பள்ளி நிற்கிறது. ஒரு பழைய நேயர் என்னை அவர் பிறந்த தோட்டத்துக்கு அழைத்துப் போனார். செம்பனை நிழலில் கால்படி உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தரை. ‘இதுதான்’ என்றார். கள்ளுக்கடை. அதன்மேல் கீற்றுகள் விழுந்து கிடந்தன. அவர் ஒரு கீற்றைக் காலால் தள்ளிவிட்டு, தம் அப்பா உட்காரும் மூலையைக் காட்டினார். அங்கே தாம் எத்தனை முறை வந்து நின்றார் என்பதையும் சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

பத்து காஜாவில் கெல்லி மாளிகை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற துரை 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் பாதியில் நின்றுபோன வீடு. நுழைவுக் கட்டணம் கட்டிப் பார்க்கிறோம். பேய்க் கதை கேட்கிறோம். சென்னையிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துக் கட்டிய வீடு அது. பக்கத்தில் அவர் தம் தொழிலாளர்களுக்கு அமைத்துக் கொடுத்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. கொள்ளை நோயில் ஆள்கள் செத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் கேட்ட கோயில். கோயிலில் சாமி சிலைகளோடு துரையின் சிலையும் நிற்கிறது. துரைக்கு வீடும் இருக்கிறது, சிலையும் இருக்கிறது. கோயில் கேட்டவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?

எஃப்எம்எஸ் பாரில் போய் உட்காருங்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் தாத்தாவை உள்ளே விடாத காலத்து நாற்காலியில் பேத்தி உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடிப்பதில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே மாட்டியிருக்கும் பழைய காலத்தைப் பார்க்கும்போது, அந்தத் துரைகள் செலவழித்த காசு எந்த மரத்திலிருந்து சொட்டியது என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இளையவர்களுக்கு இன்னொன்று. வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களோடு வெளியே போகிறீர்கள். சம்பளம் இப்போது பெரிது, கண்ணாடிக் கோப்பையும் பெரிது. கள்ளுக்கடை வாசலில் காத்து நின்ற பிள்ளையின் இடத்தில் இன்று கைப்பேசி இருக்கிறது, அவ்வளவுதான். ‘எப்போ வருவீங்க?’ என்ற குறுஞ்செய்தி. அதை அனுப்பியவர் என்ன மனநிலையில் அனுப்பினார் என்று தெரிய வேண்டுமானால், உங்கள் பாட்டியைக் கேளுங்கள்.

பாட்டி இருக்கும்போதே கேளுங்கள் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது. தோட்டத்தில் வாழ்ந்த கடைசித் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. உங்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. நல்ல ஒலிவாங்கி வேண்டாம், ஒலிப்பதிவுக் கூடம் வேண்டாம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள், சத்தம் ஏறும். ‘உங்க வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்க’ என்று கேட்டால் ஒன்றும் வராது. எனக்கு அனுபவம் உண்டு. சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். சம்பள நாள் எது? சம்பளத்தை யார் கையில் கொடுப்பார்கள்? கள்ளுக்கடை எந்தப் பக்கம் இருந்தது? எத்தனை மணிக்கு மூடும்? கடைக்கு எதிராக யாராவது பேசினார்களா? பேசியவர்களுக்கு என்ன ஆயிற்று? தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் ஆண்டையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கேட்பவருக்கு அது இல்லாமல் எதுவும் புரியாது.

என் பாட்டியிடம் நான் கேட்டேன். ‘அந்த எடத்தப் பத்தி என்னத்துக்கு இப்ப?’ என்று முதலில் தள்ளிவிட்டார். இரண்டாவது வாரம் அவரே கூப்பிட்டுச் சொன்னார். ஒரு சம்பள நாளில் லயத்துப் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து கடை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்களாம். கோஷம் இல்லை, கொடி இல்லை. சும்மா உட்கார்ந்தார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போக எந்த ஆணுக்கும் துணிச்சல் வரவில்லை. அன்றைக்கு மட்டும் அத்தனை வீட்டுக்கும் முழுச் சம்பளம் வந்து சேர்ந்தது. எந்த ஆண்டு என்று கேட்டேன். ஆண்டு நினைவில்லை, உங்கப்பாவுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது என்றார்.

பதிவு 42 நிமிடம். பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எடுத்து வைத்திருக்கிறேன்.